என் கழுத்து, அவன் கேஸ்

எங்கள் ஸ்கேன் பிரிவில் என் மச்சானுக்குக் கழுகுக்கண் என்று பட்டப்பெயர். என் மனைவியின் தம்பி. எனக்குப் பிறகு டாக்டரானவன், நான் சிபாரிசு செய்துதான் இங்கே சேர்ந்தான். இப்போது நான் பார்த்துக் கையெழுத்துப் போட்ட படத்தைக்கூட, "எதுக்கும் கழுகுக்கண் ஒரு தடவை பார்க்கட்டுமே" என்று என் முகத்துக்கு நேராகவே கேட்கிறார்கள். நானும் சிரித்து மழுப்புவேன். உள்ளே வயிறு எரியும்.

அபூர்வமான கேஸ்கள் எல்லாம் விலாசம் விசாரித்துக்கொண்டு அவனிடம்தான் வரும். மருத்துவ மாநாடுகளில் அவன்தான் பேசுவான். எனக்கு வருவது சளியும் சுளுக்கும். வீட்டிலோ என் மனைவி தம்பி புராணத்தைத்தான் சாப்பாட்டோடு சேர்த்துப் பரிமாறுவாள்.

அப்போதுதான் புது அல்ட்ராசவுண்ட் இயந்திரம் வந்தது. ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க என் கழுத்திலேயே வைத்துப் பார்த்தேன். வலப்பக்கம் எல்லாம் சரியாக இருந்தது. இடப்பக்கத்தில், மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயைக் காணோம். பதறிப்போய் சி.டி. ஸ்கேன் எடுத்துக்கொண்டேன். அதிலும் இல்லை. அடைத்துப்போய்விட்டது என்று அறிக்கையை நானே எழுதினேன். பக்கவாதம் வரப்போகிறது, மூளையின் இடப்பக்கம் கெட்டால் உடம்பில் வலப்பக்கம்தான் விழும் என்று வலது கை விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"ஏங்க, தம்பிகிட்டதான் ஒரு தடவை காட்டுங்களேன்," என்றாள் மனைவி.

"ஏன், எனக்குப் படம் பார்க்கத் தெரியாதா?"

"தெரியும், தெரியும். அதான் சோறு இறங்காம உட்கார்ந்திருக்கீங்க."

சாகவும் பயம், அவன் முன்னால் போய் நிற்கவும் மனசில்லை. கடைசியில் பயம்தான் ஜெயித்தது.

அவன் படத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "எலும்பு எங்க மாமா?"

ரத்தக்குழாய்கள் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக, கம்ப்யூட்டரில் எலும்பை எல்லாம் நீக்கிவிட்டுப் பார்ப்பது என் வழக்கம். அவன் அதைத் திரும்பக் கொண்டுவந்தான். மண்டையோட்டின் அடியில் வலப்பக்கம் குழாய் நுழைய ஒரு துளை இருந்தது. இடப்பக்கம் வெறும் எலும்பு.

"அடைப்பா இருந்தா துளை அப்படியே இருக்கும் மாமா. கருவுல குழாய் வளர்ந்தாதான் அதைச் சுத்தித் துளை உண்டாகும். உங்களுக்குத் துளையே இல்ல. பொறக்கும்போதே இந்தக் குழாய் கிடையாது. மத்த குழாய்ங்க அது வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கிட்டிருக்கு. அப்பப்போ ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கிட்டா போதும்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவன் அடுத்து வாயைத் திறக்கும்வரை நிம்மதியாகவே இருந்தேன்.

"ரொம்ப அபூர்வம் மாமா இது. அடுத்த மாநாட்டுல நான் பேசட்டுமா?"

இத்தனை வருஷம் நான் ஏங்கிய கேஸ் என் கழுத்திலேயே இருந்திருக்கிறது. அதுவும் இவன் கையிலா போய்ச் சேர வேண்டும்?

"கழுத்து என்னோடது. நானே பேசறேன்."

"தாராளமா பேசுங்க. முதல்ல அடைப்புன்னு எழுதினது யாருன்னு கேப்பாங்க, பரவாயில்லையா?"

அறிக்கையின் அடியில் இருந்த என் கையெழுத்தைப் பார்த்தேன். பிறகு, "சரி, நீயே பேசு. என் பேரையாவது போடு," என்றேன்.

"நோயாளி பேரை வெளியில சொல்லக்கூடாதுன்னு எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கதானே மாமா."

மாநாட்டில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். திரையில் என் கழுத்து ஆளுயரத்துக்கு நின்றது. 'ஆண், வயது நாற்பத்தாறு' என்றான். 'முதலில் பார்த்த மருத்துவர் அடைப்பு என்று முடிவு செய்தார்' என்றான். அரங்கம் சிரித்தது. இரண்டு பேருமே நான்தான். இரண்டு இடத்திலும் எனக்குப் பெயரில்லை.

கைதட்டல் ஓய்ந்ததும் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத டாக்டர் என் பக்கம் சாய்ந்தார்.

"இந்த மாதிரி கேஸ் எல்லாம் இந்த ஆளுக்கே எப்படி சார் மாட்டுது? நமக்கு ஒண்ணாவது சிக்குதா?"

அந்தக் குரலில் இருந்த வயிற்றெரிச்சல் எனக்கு நன்றாகப் பழக்கமானது.

"சிக்கினாலும் நாம அடைப்புன்னுதான் சார் எழுதுவோம்," என்று சொல்லிவிட்டு, சட்டைக் காலரை மேலே இழுத்துவிட்டுக்கொண்டேன்.