நொண்டிக் காக்கா

"அண்ணி, பலகையைக் கீழ வைங்க! சவ வண்டி வாசல்ல நிக்குது."

ஃபுமியே வைக்கவில்லை. கணவரின் சவப்பெட்டிக்கு முன்னாலிருந்த மரப்பலகையை மார்போடு அணைத்துக்கொண்டாள். செத்தவருக்கு பிக்கு சூட்டிய புதுப்பெயர் அதில் மை காயாமல் இருந்தது.

"இது யார் பேரு சாமி?"

"பரலோகத்துக்கான பேரும்மா. அவர் பேர்லேர்ந்தும் ஒரு எழுத்து சேர்த்திருக்கேன்."

"ஒரு எழுத்தா? பிச்சை போடுறீங்களா?"

கொழுந்தன் யோஷிதகாவின் முகம் கறுத்தது. பின்னால் உட்கார்ந்திருந்த, கணவரோடு வேலை பார்த்த கம்பெனிக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அவளுக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? சால்டரிங் ராடும் கையுமாக வீடியோ கேம் இயந்திரத்தைச் செய்தவரும் அவள் கணவர் மொரிஹிசாதான், அதில் ஓடிய விளையாட்டைச் செய்தவரும் அவர்தான். ஆனால் ஆட்டம் முடிந்து, செய்தவர்கள் பெயர்கள் திரையில் ஓடும்போது அவர் பெயர் 'நொண்டிக் காக்கா' என்றுதான் வரும். சொந்தப் பெயரைப் போட்டால் எதிர்க் கம்பெனிக்காரன் ஆளைக் கொத்திக்கொண்டு போய்விடுவானாம், அதனால் கம்பெனி வைத்த பட்டப்பெயர்! பிறகு தயாரிப்பாளர் ஆனதும், மேலிடத்தோடு மல்லுக்கட்டித் தன்கீழ் வேலை பார்த்தவர்கள் பெயரையெல்லாம் முழுசாகப் போடவைத்தார். பழைய ஆட்டங்களில் காக்கா காக்காவாகவே நின்றது. போன வாரம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒருத்தி, "அந்த ஆட்டம்னா எனக்கு உயிரு, எந்த மகராசன் செஞ்சதோ!" என்றபோதுகூட மனுஷன் வாயைத் திறக்கவில்லை. சிரித்தார். அந்தச் சிரிப்பை ஃபுமியேவால் இன்னும் தாங்க முடியவில்லை.

"சொந்தப் பேரையே எழுதுங்க சாமி."

"எழுதலாம். ஆனா கோயில் கல்லறையில இடம் கிடையாதும்மா. எங்க கோயில் வழக்கம் அப்படி."

"கேட்டீங்களா அண்ணி?" யோஷிதகா பல்லைக் கடித்தான். "அங்க அப்பா இருக்காரு, அம்மா இருக்காங்க. அண்ணனை மட்டும் நடுத்தெருவுல விடுவீங்களா?"

கோடைதோறும் அந்தக் கல்லறைக் கல்லைக் கழுவிவிட்டு, "அடுத்து நான்தாண்டி" என்று கேலி பேசியவர் அவர். பெற்றவர்களிடமிருந்து பிரித்த பாவம் தனக்கா? வெளியே வண்டிக்காரர் தொண்டையைச் செருமினார்.

"அஸ்தி வீட்டுலயே இருக்கட்டும்," என்றாள். "என்னோட."

பிக்கு அவளையே பார்த்தார். பிறகு வேறொரு பலகையை எடுத்துத் தூரிகையை மையில் நனைத்தார். யோஷிதகா எழுந்து வெளியே போய்விட்டான்.

எரித்து முடித்து எலும்புகளைப் பொறுக்கி எடுக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. அஸ்திப் பானையை மடியில் வைத்துக்கொண்டு அவள் டாக்சியில் வந்தாள். யோஷிதகா முன்சீட்டில் உட்கார்ந்திருந்தான்.

வீட்டு வாசல் மதிலில் குவாபாரா மொரிஹிசா என்ற பெயர்ப்பலகை நனைந்துகொண்டிருந்தது. பானையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, கறுப்புக் கிமோனோவின் கைப்பகுதியால் அந்தப் பெயரைத் துடைத்தாள்.

பின்னால் வந்து குடை பிடித்த யோஷிதகா, "மழை விடலியே அண்ணி," என்றான்.

அவள் மறுபடியும் துடைத்தாள்.