அறை வெப்பத்தில் வைக்கவும்

1

"அங்கிள், அப்பா கால்ல ஒட்டப்போற தோலு யாருது?"

கேட்டவள் எழிலரசி. ஏழு வயது. எங்கள் லைன் வீட்டில் ஒன்பதாம் அறை. இந்தக் கதை அவளுடைய கேள்வியிலிருந்து பிறந்தது. (இது முழு உண்மையல்ல. மூன்றாம் பகுதியில் சொல்கிறேன்.)

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். எங்கோ பிறந்த ஒரு குழந்தையின் துளித் தோலை, பெற்றவர்கள் சம்மதத்தோடு ஆய்வகத்தில் வளர்க்கிறார்கள். ஒரு துளி நூற்றுக்கணக்கானவர்களுக்குப் போதும். அந்தத் தோல் காலில் நிலையாகத் தங்குவதில்லை. புண்ணின்மேல் சில வாரம் இருந்து, சொந்தத் தோலை வளரவைத்துவிட்டுத் தான் உதிர்ந்துவிடும்.

"அந்தப் பாப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப யாரு கைல தேங்க்ஸ் சொல்றது?"

ஆண்டவரிடம் சொல்லலாம் என்று நான் வாயெடுப்பதற்குள் கம்பெனி பஸ் வந்துவிட்டது.

2

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன்.

"இருங்காட்டுக்கோட்டையின் ஆலைக் கூரைகளுக்கு மேல் சூரியன் மெல்ல..." வேண்டாம். ஆறு வருடமாக இங்கே சூரியனை ஷிப்ட் நேரமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

"மனித உடலில் மிகப் பெரிய உறுப்பு தோல் என்பதை நாம்..." இதுவும் வேண்டாம். நான் கிடங்கில் சரக்கு எண்ணுகிறவன். ஓய்ந்த நேரத்தில் பங்குக் கோயில் பத்திரிகைக்குக் கதை எழுதுகிறேன். வகுப்பெடுக்க எனக்கு வராது.

"புருஷோத்தமனின் வலது பாதத்தில் பதினான்கு மாதமாக ஒரு புண் இருந்தது." இது நிற்கிறது.

எழிலரசியின் அப்பா அவர். காருக்கு சீட் செய்யும் இடத்தில் ஒப்பந்த வேலை. ஒருநாள் அவருடைய சேஃப்டி ஷூவுக்குள் ஒரு நட்டு விழுந்து கிடந்தது. எட்டு மணி நேரம் அதை மிதித்தபடியே அசெம்பிளி லைனில் நின்றார். தெரியவில்லை. சர்க்கரை அவர் பாதத்தின் உணர்வை எப்போதோ தின்றுவிட்டிருந்தது. ஷூவைக் கழற்றியபோது சாக்ஸில் ரத்தம். அன்றிலிருந்து களிம்பு, கட்டு, மறுபடி களிம்பு. எலும்புக்குப் போனால் பாதிப் பாதத்தை எடுக்க வேண்டியிருக்கும் என்றார் மருத்துவர். பாதிப் பாதத்தோடு யாரும் லைனில் நிற்க முடியாது. கடைசியில் ஓர் அறக்கட்டளை ஆய்வகத் தோல் ஒன்றை இலவசமாகத் தர ஒப்புக்கொண்டது.

அடுத்து ஞானம்மா. முதல் அறை. பள்ளிச் சத்துணவுக்கூடத்தில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். தனியாள். பதினோரு அறைகளுக்கும் சேர்த்து ஒரே பிரிட்ஜ் அவருடையதுதான். அதன் கதவுத் தட்டில் ஆறு பேருடைய இன்சுலின் குப்பிகள் நிற்கும். ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பேனாவால் பெயர். அவர் அறையைப் பூட்டுவதே இல்லை. எந்த ஷிப்டில் வருகிறவரும் தன் குப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு திரும்ப வைத்துவிட்டுப் போகலாம்.

இனி என் முதல் பிரதி:

"சனிக்கிழமை சாயங்காலம் கூரியரில் பெட்டி வந்தது. ஞானம்மா அதைப் பிரித்து, உள்ளே தோல் இருந்த தட்டைத் தன் பிரிட்ஜில் வைத்தார். திங்கட்கிழமை அந்தத் தோலில் உயிர் இல்லை."

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஞானம்மா எனக்கு அடங்கவில்லை. அடுத்தவர் பார்சலைப் பிரிக்கிற பெண்ணா அவர்? எத்தனை முறை எழுதினாலும் அவர் கை பெட்டியின்மேல் போய்ப் போய்த் திரும்பி வந்தது.

3

வைத்தது நான்.

கிளினிக் சனிக்கிழமை மதியமே மூடிவிடும். நெடுஞ்சாலை நெரிசலில் தாமதமான கூரியர் பையன் பெட்டியை வீட்டுக்கே கொண்டுவந்தான். புருஷோத்தமனும் அவர் மனைவி சசிகலாவும் வேலையில். கையெழுத்துப் போட்டு நான் வாங்கினேன். கிளினிக்குக்கு போன் செய்தேன். எடுத்த வாட்ச்மேன், "சூடு படாம வெச்சிக்கங்க, திங்கட்கிழமை எடுத்துனு வாங்க" என்றார்.

பெட்டியின்மேல் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது: அறை வெப்பத்தில் வைக்கவும், இருபதிலிருந்து இருபத்தைந்து டிகிரி.

அது மே மாதம். எங்கள் கூரை சிமென்ட் ஷீட். சாயங்காலம் ஆறு மணிக்கும் சுவரைத் தொட்டால் கை சுடும். எந்த அறையை நினைத்து அந்த வரியை எழுதினார்களோ தெரியவில்லை. எங்கள் லைன் வீட்டில் சூடு படக் கூடாத மருந்துக்கு ஒரே இடம்தான் உண்டு. பெட்டி பிரிட்ஜில் நுழையவில்லை. அதனால் தட்டை மட்டும் வெளியே எடுத்து, ஞானம்மா ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்த நேரத்தில், குப்பிகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒரு நன்மை செய்த நிம்மதியோடு அன்று ஜெபமாலை சொன்னேன்.

(சின்ன எழுத்தில் இன்னொரு வரி இருந்தது: பெட்டியைத் திறக்க வேண்டாம். மூடியே வைத்திருந்தால் அந்தப் பெட்டி தன் வெப்பநிலையைத் தானே காப்பாற்றியிருக்கும். இதை நான் படித்தது செவ்வாய்க்கிழமை.)

திங்கட்கிழமை காலை தட்டைப் பெட்டிக்குள் வைத்து சசிகலாவிடம் கொடுத்தேன். மருத்துவர் தட்டின் குளிர்ச்சியைத் தொட்டுப் பார்த்து, "பிரிட்ஜ்ல வெச்சீங்களா? செல் செத்திருக்கும். இதப் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

சசிகலா நடைபாதையில் நின்று கேட்டாள்: "பிரிட்ஜ்ல வெச்சது யாரு?"

நான் தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்தேன். குனிந்து குடத்தை இறக்கி வைத்தேன்.

"நான்தாம்மா" என்றார் ஞானம்மா. "தம்பி பத்திரமா வைக்கச் சொல்லிச்சு. நான்தான் புத்தி கெட்டுப்போய் உள்ள வெச்சிட்டேன்."

"ஏன்க்கா, ஒரு வார்த்த கேக்க மாட்டீங்களா? அவரு கால் போச்சின்னா உங்க பிரிட்ஜா எங்களுக்குச் சோறு போடும்?"



4

அந்த வாரத்துக்குள் ஆறு குப்பிகளும் வெளியேறின. ஈரத்துணி சுற்றி மண்பானைக்குள் வைத்துக்கொண்டார்கள். யாரும் சண்டை போடவில்லை. "சும்மா உங்களுக்கு எதுக்குக்கா தொந்தரவு" என்றுதான் சொன்னார்கள்.

"ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நீ அந்தப் புருஷோத்தமன் கூடத் தெனம் ஒரே பஸ்ல போறவன். எங்கூட யாரு பஸ்ல வரப்போறாங்க?" காலிக் கதவுத் தட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். "போய் ஷிப்டப் பாரு."

பன்னிரண்டு நாள் தூக்கமில்லாமல் வேலைக்குப் போனேன். பதின்மூன்றாம் நாள் ஒன்பதாம் அறைக்குப் போய்ச் சொன்னேன். புருஷோத்தமன் காலைத் தலையணைமேல் நீட்டியிருந்தார்.

"ரைட்டரே, கதை எழுதினு கீறியாமே. அதுல யாரு வெச்சதா போட்டுக்கீற?"

"...ஞானம்மா."

"அடப்பாவி." சிரித்தாரா என்று இன்றுவரை தெரியவில்லை. "சசிகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ கெளம்பு."

சசிகலா மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. அது நியாயம். ஆனால் விஷயம் தெரிந்த பிறகும் ஒருவரும் முதல் அறைப் பக்கம் போகவில்லை. நமக்குத் தீங்கு செய்தவர் முகத்தைப் பார்த்துவிடலாம். நாம் தீங்கு செய்தவர் முகத்தைப் பார்ப்பதுதான் கஷ்டம்.

5

மருத்துவர் அறக்கட்டளைக்கு மறுபடி எழுதிக் கேட்டார். ஜூன் கடைசியில் இரண்டாவது தட்டு நேராகக் கிளினிக்குக்கே வந்தது. புண்ணைச் சுத்தம் செய்து தோலை வைத்தார்கள். இரண்டு வாரம் அந்தப் பாதம் தரையில் படவே கூடாது. ஓர் அடி வைத்தாலும் தோல் நழுவிவிடும். லைனில் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டான்.

நாளை செவ்வாய்க்கிழமை, கட்டைப் பிரிக்கிறார்கள். இதற்கு இரண்டு முடிவு எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் கட்டுக்குக் கீழே இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி நகர்ந்திருக்கிறது. இன்னொன்றில் மருத்துவர் ஒன்றும் பேசாமல் கட்டை மூடிவிட்டு, அறுவை செய்கிறவரின் பெயரை எழுதித் தருகிறார். இரண்டையும் கிழித்துவிட்டேன். ஒருமுறை அவர் காலைப் பற்றித் தெரிந்ததுபோல் நான் நடந்துகொண்டது போதும். முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் அதற்கு முன்னால் அவருக்காக ஒரு ஜெபம்.

இன்று நடந்தது மட்டும் என்னிடம் இருக்கிறது.

முதல் ஷிப்ட் முடிந்து மூன்றரை மணிக்கு வந்தேன். லைன் வீடு காலி. சசிகலா வேலையில், எழிலரசி பள்ளியில். ஞானம்மா மண்ணூரில் ஒரு துக்கத்துக்குப் போயிருந்தார். குளிர்ந்த தண்ணீர் எடுக்க அவர் பிரிட்ஜைத் திறந்தேன். கதவுத் தட்டில் ஒரு குப்பி நின்றது. புதுப் பிளாஸ்திரியில் பேனாவால் பெயர்: புருஷோத்தமன்.

ஒன்பதாம் அறையிலிருந்து முதல் அறைக்கு எப்படி வந்தார்?

நடைபாதையில் குனிந்து பார்த்தேன். லாரிகள் கிளப்பிய செம்மண் தூசி மாவு போலப் படிந்திருந்தது. அதில் பிளாஸ்டிக் நாற்காலியின் கால்கள் இழுபட்ட நான்கு கோடுகள் போய்த் திரும்பியிருந்தன. கோடுகளுக்கு நடுவே இடது பாதத்தின் தடம் மட்டும். உட்கார்ந்தபடியே ஒற்றைக் காலால் தள்ளித் தள்ளி வந்திருக்கிறார். வலது பாதத்தின் தடம் ஓரிடத்திலும் இல்லை. இரண்டு முறை தேடினேன்.

அவர் அறையில் எட்டிப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்குகிறவர்போல் படுத்திருந்தார்.

சசிகலாவின் பஸ் வர அரை மணி இருந்தது. துடைப்பத்தை எடுத்து, ஒன்பதாம் அறை வாசலிலிருந்து முதல் அறை வாசல் வரை பெருக்கினேன்.