மழைத்தொட்டித் தண்ணீர்

க்ளெண்டாவின் இரண்டு மணிக்கட்டிலும் மாவுக்கட்டு. ஆட்டுப்பட்டி வேலியைத் தாண்டப் போய்க் கைகளை ஊன்றி விழுந்ததில் வந்த வினை. புருஷன் ராஸ்தான் ஊட்டிவிட்டான், பல் தேய்த்துவிட்டான். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். டாப்பரைத் தன் கையால் அலச முடியவில்லையே என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

உச்சந்தலையில் உள்ளங்கை அகலத்துக்கு அவளுக்கு முடி கிடையாது. அந்த இடத்தை மூடத்தான் டாப்பர். அசல் மனித முடி, வெளிர் பொன்னிறம். கிளிப்பை மாட்டி வாரிவிட்டால் சொந்த முடியோடு கலந்துவிடும். ராஸுக்கும் மகள் டீகனுக்கும் தவிர ஊரில் யாருக்கும் தெரியாது.

அன்று மாலை டீகனுக்கு அறிமுக நடனம். பருவ வயதுப் பெண்கள் வெள்ளைக் கவுனும் நீள வெள்ளைக் கையுறையுமாக ஊர் மண்டபத்தில் நடந்து வருவார்கள். ஒவ்வொருத்தியையும் அவளுடைய அம்மாதான் மேடைவரை கூட்டிக்கொண்டு போவாள். ஆஸ்பத்திரியிலிருந்து காலையில் திரும்பும் வழியில் புழுதிப் புயலில் மாட்டியதில், டாப்பர் முழுக்கச் செம்மண். அலசியே ஆக வேண்டும்.

"மழைத்தொட்டித் தண்ணிதான், டீகன். குழாயத் திறந்துடாதே."

"தெரியும்மா. நூறு தடவ சொல்லிட்ட."

குழாயில் வருவது பூமியின் ஆழத்திலிருந்து வரும் போர் தண்ணீர். கொதிக்கக் கொதிக்க, அழுகிய முட்டை வாடையோடு வரும். அதிலிருக்கும் இரும்பு வெள்ளைத் துணிகளையெல்லாம் காவியாக்கிவிடும். அதனால் டாப்பருக்கு மட்டும் எப்போதும் மழைத்தண்ணீர். தொட்டி காய்ந்து கிடக்குமோ என்று க்ளெண்டா பயந்தாள். ஆனால் டீகன் வாளி நிறையக் கொண்டுவந்தாள்.

"தொட்டி ரொம்பி வழியுது! நாம இல்லாதப்ப மழை பெஞ்சிருக்கு."

"பக்கத்து வயல்ல பெய்யும், நம்ம வயல்ல பெய்யாது. ஒரு தடவையாவது மாறிப் பெஞ்சுதே," என்றான் ராஸ்.

தண்ணீர் கண்ணாடி போலிருந்தது. குளிர்ந்திருந்தது. வாடையில்லை.

க்ளெண்டா நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, டீகன் செய்தாள். முதலில் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுத்தாள். பிறகு மேலிருந்து கீழே மட்டும் தண்ணீர் ஊற்றினாள். கசக்கவில்லை, முறுக்கவில்லை. துண்டில் வைத்து ஒற்றி எடுத்து, தலை வடிவக் கட்டையில் மாட்டினாள். நாமே செய்திருந்தாலும் இவ்வளவு பொறுமையாகச் செய்திருக்க மாட்டோம் என்று க்ளெண்டாவுக்குத் தோன்றியது.

காயக் காய முடியில் லேசாகச் சிவப்பு தட்டியது.

"புழுதி இன்னும் போகலம்மா."

"அப்ப இன்னொரு தடவ அலசு."

டீகன் அலசினாள். நேரமில்லை என்று முடி காயவைக்கும் சூட்டுக்காற்று மெஷினை வைத்தாள். சிவப்பு இன்னும் ஏறியது. பதறிப்போய் வினிகர் ஊற்றித் தேய்த்தாள். க்ளெண்டாவின் விரல்கள் கட்டுக்குள் தவித்தன. "தேய்க்காதே, தேய்க்காதே!" என்று கத்துவதற்குள் முடி சிக்குப் பிடித்துவிட்டது. மறுபடி தொட்டித் தண்ணீர், மறுபடி சூடு.

பின்வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். டீகன் துண்டைத் தூக்கி டாப்பரின் மேல் போட்டாள். ராஸ் தன் தொப்பியை எடுத்துக் க்ளெண்டாவின் தலையில் கவிழ்த்தான். வந்தது பக்கத்து வீட்டு நோலீன், தட்டு நிறைய லாமிங்டன் கேக்கோடு.

"என்ன க்ளெண்டா, வீட்டுக்குள்ள தொப்பி? கூரை ஒழுகுதா?"

"வெளிச்சம் கண்ணக் கூசுது நோலீன். மாத்திரைதான் காரணம்."

"பாவம்டி நீ. அது சரி, தொட்டியப் பாத்தியா? காலியாக் கிடந்துச்சு. கை ஒடிஞ்சவ தண்ணிக்கு எங்க போவான்னு எங்க போர் குழாய இழுத்து விட்டு, ராத்திரி முழுக்க ரொப்பினேன். நல்லா ஆறி, வாடையும் போயிருக்கும். குடிக்காதே, துணி துவைக்க ஆகும்."

ராஸ் ஒரு லாமிங்டனை எடுத்து வாயில் திணித்துக்கொண்டான்.

"ரொம்ப நல்ல மனசு உனக்கு," என்றாள் க்ளெண்டா.

நோலீன் போனதும் துண்டை எடுத்தார்கள். பழைய தகரக் கூரையின் துரு நிறம். நுனியெல்லாம் வைக்கோல். டீகன் அதை அம்மாவின் தலையில் மாட்டிப் பார்த்தாள். வெளிர் முடிக்கு நடுவே அது தனியாக எரிந்தது.

"ஸ்கார்ஃப் கட்டிக்கிட்டு வாயேம்மா."

"ஸ்கார்ஃப் கட்டினா புத்துநோய்னு முடிவு பண்ணிடுவாங்க," என்றான் ராஸ். "விடியறதுக்குள்ள வாசல்ல பரிதாபப்பட்டுச் சமைச்ச இருபது கேசரோல் சட்டி வந்துடும்."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"அப்ப ஒண்ணும் வேண்டாம். அப்படியே வா. எனக்கு வெக்கமில்ல," என்றாள் டீகன்.

"எனக்கு இருக்கே, கண்ணு."

டீகன் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே குழாய் ஓடியது. அழுகைச் சத்தம் கேட்காமலிருக்கத்தான் திறந்திருக்கிறாள். க்ளெண்டா கதவருகே நின்றாள். தட்டுவதற்குக் கை வரவில்லை. முழங்கையால் ஒரு தடவை இடித்தாள். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

மாலையில் ராஸ் வண்டியை மண்டபத்துக்குப் பக்கவாட்டில் நிறுத்தினான். ஜன்னலை அவனே இறக்கிவிட்டான். அவன் தொப்பிதான் இன்னும் க்ளெண்டாவின் தலையில்; அவள் இறங்குவதாக இல்லை. டீகன் வெள்ளைக் கவுனைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கையுறையின் பொத்தான்களை அப்பாதான் மாட்டிவிட்டிருந்தான். ஒன்று மாறிப் போயிருந்தது. க்ளெண்டா அதைப் பார்த்தாள்.

நோலீன் ஜன்னலில் வந்து குனிந்தாள்.

"வயித்தக் கலக்குதாமே? ராஸ் சொன்னான். நீ கவலப்படாதே. உன் பொண்ண நான் கூட்டிக்கிட்டுப் போறேன். நான் என்ன வேத்தாளா?"

"தேங்க்ஸ், நோலீன்."

"இதுக்கா, தண்ணிக்கா?"

"ரெண்டுக்கும்தான்."

நோலீன் பூரித்துப் போய் டீகனின் கையைப் பிடித்துக்கொண்டாள். டீகன் வாசலில் ஒரு தடவை திரும்பி வண்டியைப் பார்த்தாள். இருட்டத் தொடங்கியிருந்தது, அம்மாவின் முகம் தெரிந்திருக்காது.

மண்டபத்தின் ஜன்னல்கள் திறந்திருந்தன. பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். டீகனின் பெயரும் வந்தது. பிறகு, "உடன் வருபவர், திருமதி நோலீன்." கைதட்டல் எழுந்தது. க்ளெண்டாவும் தட்டப் போனாள். மாவுக்கட்டும் மாவுக்கட்டும் இடித்து வலி உச்சிக்கு ஏறியது. கண்ணில் வழிந்ததைத் துடைக்க வழியில்லாமல், கைகளை மடியில் போட்டுக்கொண்டு, கைதட்டல் ஓயும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.