ஒரே சகன்

இரண்டு சூட்கேஸ்களையும் எங்கே ஒளிப்பதென்று தெரியாமல் லுப்னா அவற்றைக் கூடத்துக்கும் சமையலறைக்குமாக உருட்டிக்கொண்டிருந்தாள். காலையில் அப்பாவைக் கிடத்த இடம் வேண்டுமென்று சுவரோரம் தள்ளியவை. வந்தவர்களெல்லாம் அவற்றில் கால் இடறி, "எங்கனா ஊருக்குப் போறதா இருந்தாங்களா?" என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்க வேண்டாமோ என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். இப்போது ஜனாஸா போய்விட்டது. ஆண்களெல்லாம் அடக்கம் செய்யப் போயிருந்தார்கள்.

"உருட்டாதடி, தலை வலிக்குது. கட்டிலுக்கு அடியில தள்ளு," என்றாள் அவள் அம்மா அக்தரி பேகம்.

அவள் இன்னும் சரியாக அழக்கூட ஆரம்பிக்கவில்லை. விடியற்காலைத் தொழுகைக்குப் போய்வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை ஆட்டோவில் ஏற்றிப் போனதையும், ஆஸ்பத்திரி வாசலிலேயே டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டதையும் வருகிறவர்களுக்கெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்லி நாக்கு வறண்டிருந்தது. துக்கம் விசாரிக்க வருகிறவர்களுக்குத் துக்கப்பட்டவளே கதை சொல்ல வேண்டும். எந்த ஊர் நியாயமோ இது.

அடுத்த வாரம் அவளும் கணவர் ரஃபி அகமதுவும் இலங்கைக்குப் போவதாக இருந்தது. கிழக்குக் கரையில் ஒரு மீனவக் கிராமம். அங்கே ஃபரீதா என்பவளின் வீட்டில் தங்கல். ஓட்டல் வேண்டாமென்று ரஃபி அகமது ஒற்றைக்காலில் நின்றார். ஆம்பூர் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராகவே காலம் தள்ளியவர்.

"எத்தினி ஃபாரின்காரன் வந்தான்! ஷூவைத் திருப்பித் திருப்பிப் பாத்தான், போய்ட்டான். ஒருத்தனாவது நம்ம வூட்ல உக்காந்து ஒரு வாய் சாப்ட்டானா? நாம அப்டிப் போகக் கூடாது அக்தரி."

பாய் பின்னக் கற்றுக்கொள்ள வேண்டும், படகில் போக வேண்டும் என்று அவரிடம் ஆசைகள் ஏராளம். எல்லாவற்றுக்கும் மேலே சகன். அந்த ஊரில் பெரிய தட்டு ஒன்றில் சோற்றைக் கொட்டி, சுற்றி உட்கார்ந்து, அவரவர் தம் பக்கத்துச் சோற்றை மட்டும் எடுத்துச் சாப்பிடுவார்களாம். நேற்று மத்தியானம் தாம்பாளத்தில் சோற்றைப் போட்டுக்கொண்டு, "வா, பழகிக்கலாம்," என்று கூப்பிட்டார்.

"இந்த வயசுல நாம இன்னா புதுசா நிக்காஹ் ஆனவங்களா? அங்க போய்ப் பாத்துக்கலாம், போங்க," என்று சிரித்துவிட்டாள்.

அவர் தன் பக்கத்துச் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு, அவள் பக்கத்தைத் தொடாமல் எழுந்துபோனார். அந்த மனுஷனுக்கு எல்லாவற்றிலும் ஒரு பிடிவாதம். அவளும் அதை வேறு தட்டுக்கு மாற்றித்தான் சாப்பிட்டாள்.

மேஜைமேல் அவருடைய செல்போன் அடித்தது. லுப்னா எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"ரஃபி காக்காவா? நான் ஃபரீதா கதைக்கிறன். நீங்க வாற அண்டு சகனுக்கு எத்தனை பேரென்டு கேக்கத்தான் எடுத்தன்."

அந்த ஊரில் அக்காவுக்கு ராத்தா, அண்ணனுக்குக் காக்கா என்று பேர். முதல்முறை கேட்டபோது அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அவரு போய்ட்டாரும்மா," என்றாள் அக்தரி. "இன்னிக்குக் காலையில."

அந்தப் பக்கம் ஒரு கோழி கூவிக்கொண்டிருந்தது. ஃபரீதா மெல்ல, சாவுச் செய்தி கேட்டால் சொல்லும் இன்னாலில்லாஹியைச் சொன்னாள். "ராத்தா, உங்கட நாலு மாசம் பத்து நாள் இத்தா முடியட்டும். வாசல் தாண்டலாமென்டு ஆன பிறகு நீங்களாவது வாங்கோ."

அக்தரி போனை லுப்னா பக்கம் நகர்த்தினாள். லுப்னாவே நன்றி சொல்லி வைத்தாள்.

"டிக்கெட்டெல்லாம் கேன்சல் பண்ணிடவா அம்மி?"

"பண்ணு."

சாவு வீட்டில் அடுப்பு எரியவில்லை. நாத்தனார் வீட்டிலிருந்து குஸ்கா வந்தது. பக்கத்து வீட்டு சௌந்தரம், "ரெண்டு வாயாவது சாப்டுக்கா. காலையிலருந்து பல்லுல பச்சத் தண்ணி படல," என்று தட்டுகளை எடுத்தாள்.

"தட்டு வேணாம் சௌந்தரம். அந்தத் தாம்பாளத்த எடு."

தாம்பாளம் வந்தது. அக்தரி தன் கையாலேயே சோற்றைக் கொட்டி, நாலு பக்கமும் சமமாக இழுத்துவிட்டாள். "லுப்னா, உக்காரு. நீயும் உக்காரு சௌந்தரம்."

சாவு வீட்டுக்குப் போய்வந்தால் தலைக்கு ஊற்றாமல் வாயில் எதையும் வைக்காதவள் சௌந்தரம். ஒரு கணம் நின்றாள். பிறகு புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அவங்கவங்க பக்கத்துல இருக்கிறத மட்டும்தான் எடுக்கணும்," என்றாள் அக்தரி. பசித்தது. வெட்கமாக இருந்தது, ஆனாலும் பசித்தது. வேகமாகச் சாப்பிட்டாள்.

மூன்று பக்கமும் தட்டு தெரிய ஆரம்பித்தது. வீணாகப் போகிறதே என்று சௌந்தரம் நாலாவது பக்கத்துச் சோற்றை லுப்னாவிடம் தள்ளக் கையை நீட்டினாள்.

"அது இருக்கட்டும்," என்றாள் அக்தரி.