கிழிசல் இல்லாத துண்டு

கதவைத் திறக்க அவர்களிடம் கொடுத்தது சாவி அல்ல, ஓர் அட்டை. அடுப்பு ரிப்பேர்காரர் அதைக் கதவில் இப்படி வைத்துப் பார்த்தார், அப்படி வைத்துப் பார்த்தார், சட்டையில் துடைத்து மறுபடியும் வைத்துப் பார்த்தார். கதவு அசைந்து கொடுக்கவில்லை.

“ஊர்ல இருக்கிற அடுப்பையெல்லாம் எரிய வைக்கிற மனுஷன்! ஒரு கதவத் திறக்க இந்தப் பாடு” என்றாள் அவர் மனைவி.

“அடுப்புன்னா எங்க அடைச்சிருக்குன்னு கையிலயே தெரிஞ்சிரும். இது என்னடான்னா, கோவிச்சுக்கிட்ட சம்பந்தி மாதிரி உம்முன்னு நிக்குது.”

சொல்லி வாய் மூடவில்லை, பச்சை விளக்கு மினுக்கிக் கதவு திறந்துகொண்டது. இருவரும் சிரித்துவிட்டார்கள். சிரித்த பிறகுதான் எதற்காக வந்திருக்கிறோம் என்ற நினைவு வந்தது. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு உள்ளே போனார்கள்.

அவர்கள் தங்கள் மகளைத் தேடி வந்திருந்தார்கள்.

வீட்டில் அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். நகரத்துக்கு வேலைக்கு வந்த சில நாட்களிலேயே அவள் ஒரு படம் அனுப்பினாள். இந்த ஓட்டலின் கீழ்த்தளக் கூடம், கொத்துக் கொத்தாகத் தொங்கும் கண்ணாடி விளக்கு, அதன் கீழே வாயாடி. ‘இங்கதாம்மா வேலை, ரிசப்ஷன்ல’ என்றாள். அதன் பிறகு வாரம் தவறாமல் ஒரு போன், வெள்ளைச் சட்டை போட்டு ஒரு படம். கடைக்கு அடுப்பு தூக்கிக்கொண்டு வந்த எவரையும் அவள் அப்பா அந்தப் படத்தைப் பார்க்காமல் திரும்ப விட்டதில்லை. “பர்னர் கிடக்கட்டும், முதல்ல இதப் பாருங்க” என்பார். ஒருவர் இரண்டாம் முறை வந்து, “ஏற்கெனவே பாத்துட்டேன் அண்ணே, என் அடுப்பக் குடுங்க” என்று கெஞ்சிய கதையும் உண்டு.

ஒரு வாரம் படம் வரவில்லை. அடுத்த வாரம் போனும் வரவில்லை. இவர்கள் கூப்பிட்டால், எண் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண்குரல் சொன்னது. மாதக்கணக்கில் கேட்டுக் கேட்டு அந்தக் குரல்கூட வீட்டு மனுஷி போல ஆகிவிட்டது. போலீசில் சொன்னார்கள். ‘விவரம் தெரிஞ்ச பொண்ணுதானே, தானா பேசுவா’ என்று அனுப்பிவிட்டார்கள்.

ஓட்டலுக்கு நேரில் வந்துவிடுவதென்று முடிவானபோது அடுப்புக்காரர்தான் சொன்னார்: “வாசல்ல நின்னு கேட்டா விரட்டி விட்டுருவான். ரூம் எடுத்தவன் கேட்டா பதில் சொல்லித்தானே ஆகணும்.” ஒரே ஓர் இரவுக்கு அறை எடுத்தார்கள். மனைவியின் காதிலிருந்த கம்மல் எங்கே போயிற்று என்பதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

ரிசப்ஷனில் இருந்த பெண் பதில் சொல்லத்தான் செய்தாள், மிக மரியாதையாகவே. கம்ப்யூட்டரில் பெயரைத் தேடினாள். பக்கத்தில் இருந்தவரிடமும் கேட்டாள். பிறகு படத்தைப் பார்த்துவிட்டு, “இந்த இடம் எங்களோடதுதான் சார். ஆனா இவங்க இங்க வேலை பாத்ததே இல்லையே” என்றாள்.

“சட்டையப் பாரும்மா, வெள்ளச் சட்டை” என்றார் அவர்.

“எங்களோடது நீலம் சார்.”

அட்டையை வாங்கிக்கொண்டு மேலே வந்துவிட்டார்கள்.

அறை பெரிதாக இருந்தது. அப்பழுக்கில்லாத வெள்ளை விரிப்பு. அதில் உட்கார மனம் வராமல் அவர் சன்னலோரம் நின்று, கீழே எறும்பு ஊர்வது போல் போகும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள். அழுவதற்குத்தான் போனாள். அழுகை வருவதற்கு முன் வழக்கம்போல் வாய் தானாக முணுமுணுத்தது: ஆண்டவனே, எங்க இருந்தாலும் அவ வயித்துக்குச் சோறு இருக்கட்டும். குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிவிட்டுத் துண்டுக்குக் கை நீட்டினாள்.

நீட்டிய கை அப்படியே நின்றது.

துண்டுகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் இரண்டு ஓரங்களையும் உள்பக்கம் மடக்கி, மூன்றாக மடித்து, ஒரு முனையைப் பிரியாதபடி உள்ளே செருகி வைத்த துண்டு.

அது அவள் மடிப்பு. அவள் வீட்டுத் துண்டுகளுக்கு எப்போதும் ஓரம் நைந்திருக்கும். யாராவது வந்து கை கழுவினால் கிழிசல் தெரியக் கூடாதே என்று அவளாகக் கண்டுபிடித்த மடிப்பு அது. சின்ன வயதில் வாயாடி கேலி செய்வாள்: “அம்மா துண்டுக்கே முக்காடு போட்டு வைக்குது பாரு.” கேலி செய்துகொண்டே அதே மாதிரி மடித்தும் வைப்பாள்.

அவள் துண்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

“என்னங்க, இவ இங்கதான் இருக்கா!”

அவர் துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மடிச்சு வச்சிருக்காங்க. அதுக்கென்ன? யார் வேணாலும் மடிப்பாங்க.”

“கிழிசல் இருக்கிற வீட்டுக்காரங்கதான் இப்படி மடிப்பாங்க. பிரிச்சுப் பாருங்க. இதுல எங்க இருக்கு கிழிசல்?”

அவர் பிரித்துப் பார்த்தார். ஒரு நூல்கூடப் பிசிறில்லாத புதுத் துண்டு. துண்டை அவளிடமே கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

வராந்தாவில் அறை சுத்தம் செய்யும் பெண் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். இவர்கள் இருவரும் துண்டும் கையுமாக வழிமறித்ததைப் பார்த்து, ஏதோ அழுக்கு இருந்துவிட்டது என்று அவள் பதறிப்போனாள்.

“மாத்திக் குடுத்துடறேம்மா, மேல சொல்லிடாதீங்க.”

“அழுக்கில்ல தாயி. இத மடிச்சது யாரு?”

“நாங்க மடிக்கறதில்லம்மா. வெளிய லாண்டரியில இருந்து மடிச்சே வந்துடும். முன்னெல்லாம் சாதாரணமாத்தான் வரும். ஒருநாள் இப்படி வர ஆரம்பிச்சுது. சூப்பர்வைசர் முதல்ல முகத்தச் சுளிச்சாரு, அப்புறம் அவருக்கே பிடிச்சுப்போச்சு.” பேசிக்கொண்டே அவள் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். “ஏம்மா, தெரிஞ்சவங்களா?”

“எம் பொண்ணு.”

தங்க வந்தவர்களை வேலையாட்கள் லிஃப்டில் ஏற்றக் கூடாது என்பது அங்கே விதி. அந்தப் பெண் வண்டியை ஓரம்கட்டினாள், அவர்களை அதே லிஃப்டில் பின்வாசலுக்குக் கூட்டிப்போனாள், அழுக்குத் துணி ஏற்றிக்கொண்டிருந்த வேன் டிரைவரிடம், “அண்ணே, எனக்காக இவங்களக் கொண்டுபோய் விடுங்க” என்றாள். நல்லது செய்ய அவளுக்குக் கிடைத்த நேரம் அவ்வளவுதான். அதை அவள் வீணாக்கவில்லை.

வேனில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த அடுப்புக்காரருக்கு இழந்த வாயெல்லாம் திரும்பி வந்துவிட்டது.

“ரிசப்ஷன்னு புளுகியிருக்கா பாரேன். பாத்ததும் ரெண்டு அறை விடப்போறேன்.”

“விடுவீங்க, விடுவீங்க. அவ ‘அப்பா’ன்னு கூப்பிட்டதும் பர்ஸ எடுப்பீங்க.”

“துணி துவைக்கிறது என்ன திருட்டா? சொல்லியிருக்கலாமே. நான் என்ன கலெக்டரா?”

“கேக்காதீங்க. ஒண்ணுமே கேக்கக் கூடாது. முதல்ல ஏதாவது சாப்பிட வாங்கிக் குடுப்போம்.” அவள் துண்டை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள்.

லாண்டரி ஒரு நீளமான தகரக் கொட்டகை. உள்ளே ஆவி மூடியிருந்தது. ஒரு பக்கம் இயந்திரங்கள் சுழன்றன. இன்னொரு பக்கம் ஆள் நீள உருளைகள் ஈர விரிப்புகளை உள்ளிழுத்து, அந்தப் பக்கம் காய்ந்த விரிப்பாகத் தள்ளின. கடைசியில் ஒரு நீள மேசை. அதைச் சுற்றிப் பெண்கள் நின்று துண்டு மடித்தார்கள். முதுகைக் காட்டி நின்ற ஒருத்தி இரண்டு ஓரங்களையும் உள்ளே மடக்கினாள், மூன்றாக மடித்தாள், முனையைச் செருகினாள்.

அம்மா ஓடிப்போய் அவள் தோளைத் தொட்டாள். திரும்பிய முகம் வேறு யாருடையதோ.

பக்கத்திலிருந்தவளும் அப்படியே மடித்துக்கொண்டிருந்தாள். அதற்கடுத்தவளும் அப்படித்தான். அந்த மேசையில் எல்லாக் கைகளும் அதே மடிப்பைத்தான் மடித்தன. எத்தனையோ மகள்கள் நிற்கும் மேசையில் தன் மகள் மட்டும் இல்லை.

“யாரப் பாக்கணும்?” என்று கேட்டுக்கொண்டு மேஸ்திரி அம்மா வந்தாள். பருத்த உடம்பு, அதட்டிப் பழகிய குரல். நீட்டிய போனில் படத்தைப் பார்த்ததும் அந்தக் குரல் இறங்கிவிட்டது. “அந்தச் சட்டை என் மகனோடது” என்றாள். “வாங்கக்கா, வெளிய வாங்க. சத்தத்துல பேச முடியாது.”

கொட்டகைக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார வைத்துச் சொன்னாள்.

“முதல்ல அந்த ஓட்டல்லதான் வேலை கேட்டுப் போயிருக்கா. இல்லேன்னுட்டாங்களாம். வந்ததுக்கு ஒரு போட்டோவாவது எடுத்துப்போம்னு எடுத்து, இங்கதான் வேலைன்னு சொல்லி அனுப்பினாளாம். மறுநாளே அவங்க அப்பா அத ஊர் முழுக்கக் காட்டிட்டாரு. ‘இனிமே எப்படிக்கா இல்லேன்னு சொல்றது, அப்பாவுக்கு அசிங்கமாப் போயிடும்’னா. லீவு அன்னிக்கு என் மகன் சட்டைய வாங்கிப் போட்டுக்கிட்டுப் போய் ஒரு போட்டோ எடுத்துட்டு வருவா. அங்க ஒரு வாட்ச்மேன், பாவம், பாத்தும் பாக்காத மாதிரி விட்டுருவாராம். வந்து எங்ககிட்ட நடிச்சுக் காட்டுவா, ‘வெல்கம் சார், வெல்கம் மேடம்’னு. இந்தக் கொட்டகையே சிரிக்கும். இந்தத் துண்டு மடிப்பும் அவ எல்லாருக்கும் சொல்லிக் குடுத்ததுதான்.”

அடுப்புக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

“இப்ப எங்கம்மா அவ?” என்றாள் அம்மா.

மேஸ்திரி அம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். “உருளையில கை மாட்டிக்கிச்சுக்கா. வலது கை. விரலெல்லாம் வெந்துபோச்சு. ஆஸ்பத்திரியில உயிருக்கு ஒண்ணும் இல்லேன்னாங்க, கைதான் பழையபடி ஆகாதுன்னுட்டாங்க. முதலாளி வேற ஆள வச்சுட்டாரு. என் வீட்டுலதான் வச்சிருந்தேன். ஊருக்குப் போடி, பெத்தவங்ககிட்டப் போடின்னு தலையால அடிச்சுக்கிட்டேன். கேக்கலியே. ‘ரிசப்ஷன்ல நின்னவளுக்குக் கை எப்படி வெந்துச்சுன்னு கேப்பாங்களேக்கா’ன்னா. ஒருநாள் வேலை முடிஞ்சு போறேன், ஆளக் காணோம். போர்வைய மடிச்சு வச்சிருந்தா. ஒரு கையால மடிச்ச மடிப்பு, கோணல்மாணலா. போனையும் அதுக்கு முன்னாடியே வித்துட்டா. நாங்க தேடாத எடமில்ல. உங்களுக்குச் சொல்லலாம்னா, நம்பரும் தெரியாது, ஊரும் சரியாச் சொன்னதில்ல.”

உள்ளே இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அடுப்புக்காரர் எழுந்து சற்றுத் தள்ளிப்போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். “ஊர் முழுக்கக் காட்டினேன்” என்று சுவரிடம் சொன்னார். “வர்றவன் போறவனுக்கெல்லாம் காட்டினேன்.”

அவர் மனைவி அழவில்லை. அவளுக்குக் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

“கையில கட்டு போட்டிருந்திருப்பாங்களே, எப்படிச் சாப்பிட்டா?”

“நாந்தான் ஊட்டி விட்டேன்” என்றாள் மேஸ்திரி அம்மா. “வாய் ஓயாமப் பேசுவா. பேச்ச நிறுத்தினாத்தான் அடுத்த வாய்னு மிரட்டி மிரட்டி ஊட்டுவேன்.”

சலவைச் சோடாவிலும் சூட்டிலும் தோலுரிந்து கிடந்த, ஊட்டி விட்ட அந்தக் கையை அம்மா தன் இரண்டு கைகளாலும் எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. எங்கே இருந்தாலும் சோறு இருக்கட்டும் என்று அவள் கேட்டுக்கொண்டிருந்த நாட்களில், ஆண்டவன் இந்தக் கையை அனுப்பித்தான் வைத்திருந்தான். ஆனால் அந்தக் கையையும் விட்டு மகள் போய்விட்டாள். இனி எதைக் கேட்டு வேண்டுவதென்று அவளுக்குத் தெரியவில்லை.

இவர்கள் போன் நம்பரை மேசையைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் தங்கள் போனில் ஏற்றிக்கொண்டார்கள். புறப்படும்போது அம்மா திரும்பி, “மடிப்ப மட்டும் மாத்திராதீங்கம்மா” என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஓட்டலுக்குத் திரும்பியபோது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. கூடத்தில் அந்தக் கண்ணாடி விளக்கு எரிந்தது. அதன் கீழே நின்று ஒரு குடும்பம் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அடுப்புக்காரர் அந்த விளக்கை ஏறிட்டுப் பார்க்காமல், சுவரோரமாகச் சுற்றி நடந்தார். அறை சுத்தம் செய்யும் பெண் அவர்கள் தளத்திலேயே காத்திருந்தாள். முகங்களைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் அட்டையை வாங்கி, கதவைத் திறந்துவிட்டுப் போனாள்.

அவர் நேராகக் குளியலறைக்குப் போனார். குழாய் ஓடும் சத்தம் நெடுநேரம் கேட்டது. பிறகு நின்றது. ஆனால் அவர் வெளியே வரவில்லை. அவள் எட்டிப் பார்த்தாள்.

முகமெல்லாம் நீர் வழிய அவர் நின்றுகொண்டிருந்தார். நீர் சட்டையில் சொட்டியது. எதிரே புதிதாக அடுக்கி வைத்த துண்டுகள், ஓரங்கள் உள்ளே மடங்கி, முனைகள் செருகி. அவர் கை பாதி தூரம் போய் நின்றிருந்தது.

“பிரிக்க மனசு வரலம்மா” என்றார்.

அவள் அவரைக் கட்டில் விளிம்பில் உட்கார வைத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க ஈரம் வந்துகொண்டே இருந்தது. அவள் முந்தானையின் வேறொரு பக்கத்தை எடுத்துத் துடைத்தாள்.