இரண்டாவது சின்னம்

திருநீறு தொட்ட விக்னராஜாவின் விரல்கள் தம்பியின் நெற்றிக்கு மேலேயே நின்றுவிட்டன.

"பவளம், இஞ்சை வா. இது என்ன?"

பெட்டிக்குள் கிடந்த நித்தியானந்தனின் கோட்டு மடிப்பில் ஒரு சிறு தகரச் சின்னம். சிவப்பில் வெள்ளைச் சிலுவை.

வேலைக்குப் போகும் வழியில், பஸ் நிறுத்தத்தில் விழுந்து இறந்தவன் அவன். உடுப்புகளை ஆஸ்பத்திரிக்காரர் ஒரு பையில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அதைத் திறந்து பார்க்கத் தைரியமில்லாமல், பவளம் அப்படியே சவச்சாலையில் ஒப்படைத்துவிட்டாள்; அங்கே அவற்றையே அவனுக்கு உடுத்திவிட்டிருந்தார்கள்.

"தம்பி வேதத்துக்கு மாறிட்டானோ? கிறிஸ்தவனாகிட்டானோ?"

"தெரியாது அத்தான்."

"புருஷன்ரை கோட்டிலை இருக்கிறது பெண்சாதிக்குத் தெரியாதோ?"

உண்மையிலேயே தெரியாது. சலவைக்கூடத்தில் இரவு வேலை முடித்து அவள் வரும்போது அவன் தொழிற்சாலைக்குப் புறப்பட்டிருப்பான். அவளுக்கென்று அவன் மூடி வைத்துவிட்டுப் போகும் தேநீர்தான் அவர்களுடைய பேச்சு.

விக்னராஜா திருநீற்றுப் பையைச் சுருட்டினார். "சிலுவை குத்தின உடம்புக்கு நான் கொள்ளி வைக்க ஏலாது. பாதிரியாரைக் கூப்பிடு."

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எழுபத்து நாலாம் ஆண்டு மெல்பேர்னில் கொள்ளிக்கு உரித்தான சொந்தம் வேறு எவருமில்லை. சிட்னியிலிருந்து ரயிலேறி வந்த இந்த அண்ணன் ஒருவர்தான்.

"அவரை அப்பிடி விட்டிட்டுப் போகாதேங்கோ அத்தான்."

அப்போது கதவு திறந்தது. பக்கத்து வீட்டுக் கிழவி, திருமதி ஃபிறை, துணியால் மூடிய பணிஸ் ரொட்டித் தட்டோடு வந்தாள். அவளுடைய கறுப்புக் கோட்டிலும் அதே சின்னம்.

"நீங்கள் எந்தச் சபை?" விக்னராஜா ஆங்கிலத்தில் கேட்டார்.

"சபையா? இது எங்கள் கொடி. சுவிஸ் கொடி."

ஓகஸ்ட் முதலாம் திகதி அவர்கள் நாட்டின் பெருநாள். அன்றைக்குக் குத்துகிற சின்னத்தை அங்கே தருமத்துக்காக விற்பார்கள். அங்கிருக்கும் தங்கை வருடாவருடம் இரண்டு அனுப்புவாள், திருமதி ஃபிறைக்கும் அவள் கணவருக்கும். கணவர் இறந்த வருடம், ஒன்றைக் குத்திக்கொண்டு மற்றதைக் கையில் வைத்தபடி வீட்டு வாசல் படலையடியில் நின்றிருக்கிறாள்.

"உங்கள் தம்பி வேலைக்குப் போகிற அவசரத்திலும் நின்றார். ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டார். பிறகு கோட்டைக் காட்டி, இதில் குத்துங்கள் என்றார். அதற்குப் பிறகு எல்லா வருடமும் வந்தார்."

அவள் பெட்டிக்குள் பார்த்தாள்.

"இந்த முறையும், அன்று காலை, நான்தான் குத்திவிட்டேன். அவருக்கு மூச்சு வாங்கியது. குளிராக்கும் என்று நினைத்தேன்."

விக்னராஜா திருநீற்றுப் பையை மறுபடி விரித்தார். தம்பியின் நெற்றியில் மூன்று குறியும் நிதானமாக இழுத்தார்.

பெட்டியை மூட வந்த ஊழியன் சின்னத்தைக் காட்டி, தகரம் நெருப்புக்குள் போகக்கூடாது என்றான். விக்னராஜா அதைக் கழற்றித் திருமதி ஃபிறையிடம் நீட்டினார். அவள் தலையசைத்து மறுத்தாள். பவளத்தைப் பார்த்தார். அவள் தட்டைக் கையில் வாங்கியபடி நின்றாள்.

பெட்டியைத் தூக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. சற்று நின்றவர், சின்னத்தைத் தன் கோட்டில் குத்திக்கொண்டு, தலைமாட்டுப் பக்கம் குனிந்தார்.