வளையத்துக்குள் ஒரு குரல்

1996ஆம் ஆண்டு பள்ளி விடுமுறையில் அந்த மெஷின் மலேசியாவின் மலாக்கா டவுனில் ஒரு பேரங்காடியின் இரண்டாம் மாடிக்கு வந்தது. இடுப்பு உயரத்தில் மெத்தை சுற்றிய ஒரு வளையம். அதற்குள் நின்று, கண்ணையும் காதையும் மூடும் கனத்த கவசத்தைத் தலையில் மாட்டிக்கொண்டால் எதிரிகள் சுட்டு விரட்டும் ஒரு விளையாட்டு உலகம் தெரியும். எல்லாரும் அதை ஹெல்மெட் என்றார்கள்.

மெஷினைப் பார்த்துக்கொள்ளும் வேலை விஜயராணிக்கு. தங்கா பத்து என்ற ஊர்க்காரி. ஆறு வருடம் எலெக்ட்ரானிக் ஃபேக்டரியில் கம்பிகளை ஈயத்தால் பற்றவைக்கும் சோல்டரிங் வேலை செய்தவள். ஹெல்மெட் மாட்டியவர்களைப் பார்க்கப் பார்க்க அவளுக்குள் ஒரு பயம் வளர்ந்தது. உள்ளே இருப்பவருக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. வெளியே நிற்பவர்களுக்கு அவர் எதைப் பார்த்து அலறுகிறார் என்று தெரியாது. ஒரு நாள் ஹெல்மெட் மாட்டியிருந்த தம்புசாமி என்பவரின் தோளை அவர் மனைவி சும்மாதான் தொட்டார். அவர் திடுக்கிட்டு வீசிய முழங்கை பட்டு அந்த அம்மாவின் புருவம் கிழிந்துவிட்டது.

மறுநாள் காலையில் விஜயராணி ஒரு பழைய கராவோக்கே மைக்கை ஹெல்மெட்டின் ஹெட்போனோடு இணைத்தாள். முதலாளி சேகரன் பார்த்துவிட்டார்.

“அவன் வேற உலகத்துக்குப் போகத்தானே வர்றான்? நீ நடுவுல கூப்பிட்டுப் பேசுவியா? கழட்டுலா!”

“சரி பாஸ்” என்றாள். ஆனால் கழற்றவில்லை. மைக்கை மேசைக்கு அடியில் மறைத்து வைத்தாள். யாரிடமும் பேசிப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை.

சனிக்கிழமை மதியம் டுரியான் துங்காலிலிருந்து வீரப்பன் வந்தான். லோரி ஓட்டுபவன், காலில் கனத்த பூட்ஸ். கூடவே மனைவி குஞ்சம்மாவும் இரண்டு வயது மகள் மலர்க்கொடியும். ஹெல்மெட்டை மாட்டிய கொஞ்ச நேரத்தில் அவன் குனிவதையும் கையை வீசுவதையும் பார்த்துக் குஞ்சம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பிள்ளை சிரிக்கவில்லை. “அப்பா” என்றாள். அவன் திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். அதற்கும் பதில் இல்லை. அம்மாவின் கையை உதறிவிட்டு வளையத்துக்கு அடியில் நுழைந்து, தரையில் உட்கார்ந்து அப்பாவின் வலது காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள்.

“ஐயோ, எவனோ கால புடிக்கிறான்!” வீரப்பன் கத்தினான். காலை உதறினான். பிள்ளை இன்னும் இறுக்கிப் பிடித்தது.

“என்னாங்க! நம்ம பாப்பாங்க!” குஞ்சம்மா அலறினாள். அவன் காதில் வெடிச்சத்தம் மட்டும்தான். பிள்ளையை இழுக்க அவள் கையை நீட்ட, உதறிய பூட்ஸ் அவள் விரலில் இடித்தது.

சேகரன் மெயின் சுவிட்சுக்கு ஓடினார்.

“வேணாம் பாஸ்! திடீர்னு இருட்டானா மிரண்டு ஓடப் பாப்பாரு. புள்ள காலடியில இருக்கு!”

சேகரனின் கை சுவிட்சின் மேலேயே நின்றது. விஜயராணி மைக்கை உருவி எடுத்தாள்.

“அண்ணே!”

அவனுக்குக் கேட்கவில்லை. மைக்கின் வால்யூம் மிகக் குறைவாக இருந்தது. திருகிக் கூட்டினாள். அதற்குள் வீரப்பன் இடது காலைத் தூக்கிவிட்டான். வலது காலைப் பிடித்திருக்கும் எதையோ ஓங்கி மிதிப்பதற்காக. பூட்ஸின் அடிப்பாகம் பிள்ளையின் தலைக்கு மேலே தெரிந்தது.

“அக்கா, உங்க வீட்டுக்காரர் பேரு?”

“வீரப்பன்!”

“வீரப்பண்ணே! கால எறக்காதீங்க! உங்க கால புடிச்சிருக்கறது உங்க மக!”

தூக்கிய கால் தூக்கியபடியே நின்றது.

“யாரு? யாரு பேசறது?”

“நான் மெஷின் பாத்துக்கற பொண்ணு, விஜயராணி. வெளிய பக்கத்துலதான் நிக்கறேன். மெஷின் பேசல, நான்தான் பேசறேன். கைய வளையத்து மேல வைங்க. ம்... அப்படித்தான். தூக்குன கால முன்னாடி, ஒரு எட்டு தள்ளி, மெதுவா வைங்க.”

பூட்ஸ் அங்குலம் அங்குலமாக முன்னே போய்த் தரையைத் தொட்டது.

“இப்ப அசையாதீங்க. அக்கா, புள்ளைய எடுங்க.”

குஞ்சம்மா தரையில் படுத்துக் கையை நுழைத்துப் பிள்ளையை இழுத்து எடுத்தாள். விஜயராணி வளையத்தைத் திறந்தாள். “இப்ப நான் உங்க தோளத் தொடப் போறேண்ணே” என்று சொல்லிவிட்டே தொட்டாள். ஹெல்மெட் கழன்றதும் வீரப்பன் மகளைப் பார்த்தான். அவளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அத்தனை பேருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து அழுதான்.

குஞ்சம்மா வீங்கிய விரலைப் பிடித்தபடி விஜயராணியிடம் வந்தாள். நன்றி சொல்ல வரவில்லை.

“உள்ள பேச முடியும்னு தெரிஞ்சும் ஏன் மொதல்லயே சொல்லல? எங்கிட்ட அதக் குடுத்திருந்தா, புள்ள கூப்பிட்ட ஒடனே நானே அவர்கிட்ட சொல்லியிருப்பேனே?”

முதலாளிக்குப் பயந்துதான் என்று விஜயராணி எப்படிச் சொல்வாள்?

அவர்கள் போனபின் சேகரனிடம் சொன்னாள். “மைக் வெளிய இருக்கணும் பாஸ். கூட வந்தவங்க கையில இருக்கணும். உள்ள தெரியறது வெளியவும் தெரிய ஒரு டிவி வேணும். வளையத்துக்கு அடியில பலகை அடைக்கணும். இல்லன்னா நாளைக்கு நான் தொறக்க மாட்டேன்.”

சேகரன் வளையத்தின் அடியைக் குனிந்து பார்த்தார். பிறகு, “டிவி எத்தன இன்ச்?” என்று கேட்டார்.

மறுநாள் மெஷின் ஓடவில்லை. திங்கட்கிழமை தச்சர் வந்து பலகை அடித்தார். செவ்வாய்க்கிழமை முதலில் வந்தது மீனம்மா என்ற டீச்சரும் அவர் தங்கையும். தங்கை ஹெல்மெட் மாட்டிக்கொண்டாள். டீச்சர் டிவியைப் பார்த்துக்கொண்டே மைக்கில், “பாத்துடி, பின்னால ஒருத்தன் வர்றான்!” என்று கத்தினார்.

“எங்கக்கா? எந்தப் பக்கம்?” என்றாள் உள்ளே இருந்தவள்.